'ஹாலா': அந்தப் பெட்டியில் இருந்தது யார் பணம்?

செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'ஹாலா' (1975) பற்றி எழுதுகிறவர்கள் அதன் முதல் சில நிமிடங்களைத்தான் சிலாகிக்கிறார்கள். நியாயம்தான். வணிகக் கழகத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றுகிறார்கள். மரியான் சிலை வாசலுக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் அதே வெள்ளைக்காரர்கள் கைப்பெட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். கோட்டு சூட்டு போட்ட புதிய உறுப்பினர்கள் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்தால், உள்ளே கட்டுக்கட்டாகப் பணம்! அதற்கப்புறம் தலைவரின் பின்னால் ஒரு பிரெஞ்சு ஆலோசகர் நிழல் மாதிரி நிற்கிறார். புரோகிராமர் பாஷையில் சொன்னால், யூசர்தான் மாறியிருக்கிறார், அட்மின் பாஸ்வேர்ட் மாறவில்லை.

மீதிப் படம் எல் ஹாஜி என்ற வியாபாரியின் கதை. மூன்றாவது கல்யாணத்தன்று ஆண்மை போய்விடுகிறது (அந்தச் சாபத்துக்குப் பேர்தான் ஹாலா). ரேஷன் அரிசியைக் கள்ளத்தனமாக விற்றது வெளியே வர, கழகத்தை விட்டு நீக்குகிறார்கள். வொலோஃப் மொழியில் பேச அனுமதி கேட்கிறார், அதுவும் கிடையாது. கடைசியில் பிச்சைக்காரர்கள் அவர்மேல் காறித் துப்புகிறார்கள்.

எனக்கு இடிக்கிற இடம் இதுதான். செம்பேனின் கோபம் முழுக்க எல் ஹாஜியின் உடம்பில் இறங்கிவிடுகிறது. அவர் யோக்கியராக இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பெட்டிக்குள் இருந்த சிஎஃப்ஏ பிராங்க் 1945-இல் பாரிஸ் உருவாக்கிய நாணயம். படம் வருவதற்கு 2 வருடம் முன்பு, 1973-இல், பேரம் பேசியும் அன்னியச் செலாவணிக் கையிருப்பில் 65 சதவீதத்தைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது.

அந்த அரிசிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. விவசாயிகள் ஏற்றுமதிக்கு நிலக்கடலை போடட்டும் என்று காலனி ஆட்சி இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசியை இறக்கியது. செனகல் வாங்கிச் சாப்பிடப் பழகியது. 1994 ஜனவரியில் டக்கார் கூட்டத்தில் சிஎஃப்ஏ-வின் மதிப்பைப் பாதியாக்கினார்கள்: ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 என்பது 100 ஆனது. அரிசி, மருந்து எல்லாம் எகிறியது. எல் ஹாஜி மாதிரி ஆயிரம் பேர் திருடினாலும் ஒரே ராத்திரியில் இவ்வளவு செய்ய முடியாது.

செங்கோர் அரசு இந்தப் படத்தை வெட்டித்தான் திரையிட விட்டது. செம்பேன் தொட்ட இடம் வலித்திருக்கிறது. ஆனால் ஆலோசகரைக் காட்டிய கேமரா, அவருடைய அலுவலகம் வரைக்கும் போயிருக்கலாம்.

2019 டிசம்பரில் மக்ரோன், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு நாணயத்தின் பெயர் மாறும், கையிருப்பைப் பாரிஸில் வைக்க வேண்டாம், பிரெஞ்சுப் பிரதிநிதிகளும் விலகுவார்கள் என்று அறிவித்தார். ஒரு யூரோவுக்கு 655.957 என்ற கணக்கில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.