மழையைப் பாகம் பிரித்தல்

மழைமானி பார்க்கச் சாதாரணமானது. இந்தியாவில் நெடுங்காலம் பழகிய சைமன்ஸ் மானிக்கு வாய் 127 மில்லிமீட்டர். காலை எட்டரைக்குச் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் படித்தால் வேலை முடிந்தது. அந்தச் சின்ன வாய் சொன்னதை வைத்து ஒரு மலைப்பகுதி முழுவதற்கும் மழையைக் கணிப்பதுதான் நான் ரசிக்கும் வித்தை.

1911-இல் அமெரிக்க வானிலையாளர் ஆல்ஃபிரட் தீசன் ஒரு வழி சொன்னார். அடுத்தடுத்த மானிகளைக் கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டையும் நடுவில் செங்குத்தாக வெட்ட வேண்டும். பலகோணங்கள் விழும், எந்த மானியின் பலகோணம் பெரிதோ அதன் பேச்சுக்குக் கணக்கில் எடை அதிகம். அண்ணன் தம்பி நிலம் பிரித்துக்கொண்டது போல, தகராறில்லாத ஏற்பாடு. பாலக்காட்டுக் கணவாய்ச் சமவெளிக்கு இது பொருந்தும்.

இடுக்கி மலையில்தான் வம்பு. தென்மேற்குப் பருவத்தில் மூணாறு ஊறிக் கிடக்கும். சாலை வழி சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர் மழைமறைவில் இருக்கும். அதையும் தாண்டினால் சின்னாறு, முள்காடு. நடுவே நிற்கும் மலை தீசனின் கோட்டுக்குத் தெரியாது. ஒரே அளவு மழை பெய்த இடங்களை இணைத்துச் சம மழைக்கோடு வரைபவருக்குத் தெரியும்: உயரம், சரிவு, காற்று மோதும் பக்கம் எல்லாம் பார்த்து, மழை சட்டென்று குறையும் இடத்தில் கோடுகளை நெருக்குவார். ஆளுக்கு ஆள் கோடு மாறுமே என்பார்கள். மாறட்டும், அனுபவத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டாமா?

மறையூர்ப் பக்கத்து மழைதான் பாம்பாறாக இறங்கி நம் அமராவதி அணைக்கு வருகிறது. சமவெளிக்குத் தீசன் போதும். மறையூருக்குக் கையால் வரைந்த கோடே மேல்.