கற்பனைப் பகுதியை எவ்வளவு நம்பலாம்?

வேதிவினையின் வேகச் சமன்பாடுகளைத் தீர்ப்பது பல சமயம் முடியாத காரியம். அதனால் ஒரு குறுக்குவழி உண்டு. செறிவுகள் மாறாதிருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றே நகர்த்தினால் என்ன ஆகும் என்று மட்டும் கணக்கிடுவது. விடையாக வரும் ஐகன் மதிப்பு கலப்பெண்ணாக இருந்தால், மெய்ப்பகுதி அந்த நகர்வு தேயுமா வளருமா என்று காட்டும். கற்பனைப் பகுதி எத்தனை விரைவாக அலையும் என்று காட்டும்.

சமநிலைக்கு மிக அருகே ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களே. அங்கே அலைவுக்கு இடமில்லை. நிறம் மாறி மாறித் துடிக்கும் கரைசலைப் பற்றி 1951இல் பெலோசோவ் எழுதியதை இதழாசிரியர்கள் நம்ப மறுத்தது, இந்த உண்மையைச் சமநிலைக்கு வெகுதொலைவிலும் நீட்டிப் பார்த்ததால்தான்.

முறையின் பலத்தைப் பிரிகோஜினும் லெஃபெவரும் 1968இல் தந்த ‘பிரஸ்ஸலேட்டர்’ மாதிரியில் பார்க்கலாம். அதில் ஏ, பி என்று இரண்டு அளவுகள். ஏ = 1 என்று வைத்தால், ஓர் இருபடிச் சமன்பாட்டிலேயே விடை வந்துவிடும்: பி 2-க்குக் கீழே இருந்தால் அலைவு அடங்கும், தாண்டினால் நிலைக்கும். வாசலில் அலைவு நேரம் 2π, ஏறத்தாழ 6.28 அலகு. இவ்வளவு மலிவாக இவ்வளவு தகவல் தரும் கணக்கு வேதியியலில் அதிகம் இல்லை.

ஆனால் பி-யை 5 ஆக்குங்கள். ஐகன் மதிப்புகள் 2.62, 0.38. கற்பனைப் பகுதியே காணோம்! அலைவு நின்றுவிட்டதா என்றால் இல்லை. முன்னிலும் முரட்டுத்தனமாக, மெல்லச் சேர்ந்து திடீரெனப் பாய்ந்து, தொடர்கிறது. நாம் கணக்கிட்டது புள்ளியின் அக்கம்பக்கத்தை. வினையோ அதை விட்டு எங்கோ விலகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கற்பனைப் பகுதி இல்லை என்பதால் அலைவும் இல்லை என்று எழுதிவிடுவது இங்கே வெறும் பிழை.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் பொருள் இரண்டாவதாக, இரண்டாவது மூன்றாவதாக, மூன்றாவது மீண்டும் முதலாவதாக ஒரே வேக மாறிலியில் ஒருவழியாக மாறும் வளையம். மாறிலி 1 எனில் ஐகன் மதிப்புகள் −1.5 ± 0.87i. (1இன் முப்படி மூலங்களிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பவைதான் இவை, பிளஸ் டூ கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல வேதியியல் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.) தாளில் இது அலைவு. குடுவையிலோ, ஒரு சுற்று முடிவதற்குள் வீச்சு சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதை எந்த நிறமானி பார்க்கப்போகிறது?