காவலூர்க் கண்ணும் ஞானக் கண்ணும்

சவ்வாது மலைக் காவலூரிலே வானை நோக்கும் கண்கள் உண்டு. கண்ணாடியாலான கண்கள், எவர் நோக்கினும் ஒன்றையே காட்டும் கண்கள். "எமக்கு வேறொரு கண் உண்டு, அது விண்ணுக்கு அப்பாலும் காணும்" என்பாரும் உளர். அவர்களுள் ஒருவர் ருடால்ப் ஸ்டைனர் (1861–1925). அவர் கண்ட நெறி ஆந்த்ரபோசபி. கிரேக்கச் சொல், மனித ஞானம் என்பது பொருள். பெயரில் மனிதன் இருக்கிறான். நெறியில் அவன் பகுத்தறிவுக்கு இடம் உண்டா?

பயிற்சியால் அகக்கண் திறக்கும்; அதனால் மேலுலகங்களை அறிவியலுக்கு நிகரான உறுதியோடு காணலாம் என்றார் ஸ்டைனர். நன்று! அகக்கண் படைத்த இருவர் மாறுபட்டால் தீர்ப்பளிப்பது எது?

விடை நம் சென்னையிலே இருக்கிறது. 1902 முதல் ஸ்டைனர், அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் ஜெர்மானியக் கிளைப் பொதுச் செயலாளர். அச்சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும், சிறுவர் கிருஷ்ணமூர்த்தியே வரவிருக்கும் உலக குருவுக்கு உடலாவார் என்றனர். ஸ்டைனரோ, கிறிஸ்து மீண்டும் மானிட உடலில் வாரார் என்றார். ஒரே மேலுலகம், இரண்டு காட்சிகள்! ஆய்வு நடந்ததா? இல்லை, பிளவு நடந்தது. 1912 இறுதியில் ஆந்த்ரபோசபிச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஸ்டைனரின் கிளை சபையினின்று நீக்கப்பட்டது. 1929இல் கிருஷ்ணமூர்த்தியே தம்மைச் சுற்றி எழுந்த அமைப்பைக் கலைத்தார்.

இனிக் காவலூருக்கு வாருங்கள். 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் வேளை. கோள் மறைக்குமுன்பே விண்மீனின் ஒளி மங்கிற்று. புதிய துணைக்கோள் எனக் கருதினர் நம் வானியலார். இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அத்தகைய மங்கல்களைப் பதிந்திருந்தது. பதிவுகள் ஒப்பிடப்பட்டன, துணைக்கோள் அன்று, வளையங்கள் எனத் தெளிந்தது. கருத்து தவறியது, உண்மை வென்றது. எவரும் எவரையும் விலக்கவில்லை!

1919இல் ஸ்டுட்கார்ட்டில் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிக்கு வழிகாட்டியவர் ஸ்டைனர். நற்பணி, மறுப்பதற்கில்லை. ஆயினும் நல்ல பள்ளி ஞானக்கண்ணுக்குச் சான்றாகாது. இப்பிறவியின் நிலைக்கு முற்பிறவியின் வினை காரணம் என்றும் அவர் கற்பித்தார். தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் புதிதா? இம்மலையின் பழங்குடிச் சிறுவன் ஒருவன் பசித்திருந்தால், ஆராய வேண்டியது அவன் முற்பிறவியையா? அவனுக்குச் சோறும் கல்வியும் தர மறந்த சமுதாயத்தையா?

தொலைநோக்கி அச்சிறுவனிடம் குலம் கேட்காது, முற்பிறவி கேட்காது. "நம்பு" என்று சொல்லாது; "நீயே பார்" என்று சொல்லும். மனித ஞானம் என்ற பெயர் அதற்கே பொருந்தும்.