ஒரு கட்டத்துக்கு ஒன்பது ஃபார்மேட்

எக்ஸெல்லில் ஒரு அட்டவணைக்குள் மெல்லிய கோடும் அதைச் சுற்றித் தடித்த கோடும் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மவுஸால் இழுத்து, பார்டர் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் முடிந்தது. அதையே பைத்தானில் எக்ஸெல் கோப்பு எழுதும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் லைப்ரரியிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு மூலைக்கு நான்கு, நான்கு ஓரத்துக்கு நான்கு, நடுவில் உள்ளவற்றுக்கு ஒன்று என ஒன்பது ஃபார்மேட் கொண்டுவரச் சொல்லும். ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாதக் கணக்கைப் பல மாதங்களாக இதில்தான் தயாரிக்கிறேன். இந்தக் கோட்டுப் பிரச்சினை மட்டும் இன்னும் பழகவில்லை.

லைப்ரரியைப் பற்றி ஒரு வார்த்தை. இதை எழுதிய ஜான் மெக்நமாரா பெர்ல் காலத்திலிருந்தே எக்ஸெல் கோப்பு எழுதுவதையே வேலையாக வைத்திருப்பவர். 2013-இல் பைத்தானுக்கு வந்தார், சி மொழிக்கும் ரஸ்டுக்கும்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார். சார்ட், ஸ்பார்க்லைன், டிராப் டவுன், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் எல்லாம் உண்டு. லைப்ரரிக்கு எழுத மட்டும்தான் தெரியும். இருக்கிற கோப்பைத் திறக்கச் சொன்னால் கையை விரித்துவிடும்.

கோட்டுக்கு வருவோம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள். ஒவ்வொரு செல்லும் தன் மதிப்போடு ஓர் எண்ணையும் வைத்திருக்கும். அந்த எண், வேறொரு கோப்பில் இருக்கும் ஸ்டைல் பட்டியலில் ஓர் இடத்தைக் காட்டும். எழுத்துரு, நிறம், நான்கு பக்கக் கோடு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஸ்டைல். ‘இந்தப் பகுதியைச் சுற்றி ஒரு கோடு’ என்று சொல்ல அங்கே வழியே இல்லை. நாம் மவுஸால் இழுக்கும்போது மூலை எது, ஓரம் எது என்று பிரித்து ஒன்பது ஸ்டைல் உண்டாக்குவது எக்ஸெல். அந்த உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை. இந்த லைப்ரரி அதை அப்படியே நம் தலையில் கட்டிவிடுகிறது.

அதோடு விட்டதா? செல்லை எழுதும்போதே ஃபார்மேட்டையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். எழுதியபின் மஞ்சள் பூச வேண்டுமென்றால், மதிப்பையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டியதுதான். ஒரே ஃபார்மேட்டை எடுத்து, முதல் செல்லுக்குச் சிவப்பு, பிறகு அதையே பச்சையாக மாற்றி இரண்டாம் செல்லுக்குக் கொடுத்தால் இரண்டுமே பச்சையாகத்தான் வரும். கடைசி நிலைதான் கோப்பில் பதிவாகும். இதெல்லாம் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

எழுதியபின் ஃபார்மேட்டை மாற்ற விடுவது செய்யவே முடியாத காரியமும் இல்லை. சாதாரணமாக எல்லாச் செல்களையும் மெமரியில்தான் வைத்திருக்கிறது, கடைசியில்தான் கோப்பாக்குகிறது. ஆனால் பெரிய தரவுக்கென்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் அடுத்த வரிசைக்குப் போனதும் முந்தைய வரிசை டிஸ்க்குக்குப் போய்விடும், திரும்ப வழியில்லை. இரண்டு முறைக்கும் ஒரே பழக்கம் இருக்கட்டும் என்று மெக்நமாரா நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒரு குறுக்குவழி உண்டு. முழுப் பகுதிக்கும் ‘பிழை இல்லாத செல்களுக்கு’ என்று ஒரு கண்டிஷனல் ஃபார்மேட் கொடுத்து அதில் கோட்டைச் சேர்த்துவிடலாம். ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் கண்டிஷனல் ஃபார்மேட்டில் தடித்த கோட்டை எக்ஸெல் அனுமதிப்பதில்லை. எங்கள் கடை முதலாளிக்கோ மொத்தத்தைச் சுற்றித் தடித்த கோடு இல்லாவிட்டால் அது கணக்கே இல்லை. கடைசியில், செல் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பக்கக் கோடுகளைச் சேர்த்து, ஏற்கனவே உண்டாக்கிய ஃபார்மேட் இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதிக்கொண்டேன். இதைப் பயன்படுத்தும் முக்கால்வாசிப் பேரின் கணினியில் இப்படியொன்று இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

இவ்வளவு புலம்பியும் ஏன் விடவில்லை? கோப்பைத் திறந்தால் ‘பழுது பார்க்கவா?’ என்று எக்ஸெல் கேட்பது அபூர்வம். உண்மையான எக்ஸெல் உண்டாக்கிய கோப்புகளோடு ஒப்பிட்டுச் சோதித்துத்தான் ஒவ்வொரு வசதியையும் சேர்க்கிறார்கள். முதலாளிக்கு அனுப்பும் கோப்பில் இந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

ஃபோனில் பார்ப்பவர்களுக்கு அனுப்பும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். இது ஃபார்முலாவை எழுதும், கணக்குப் போடாது. விடைக்குரிய இடத்தில் 0 வைத்துவிடும். எக்ஸெல் திறந்தவுடன் கணக்கிட்டுக்கொள்ளும். ஃபோன் முன்னோட்டம் பல நேரம் அதைச் செய்யாது. மாத விற்பனை மொத்தம் பூஜ்யம் என்று பார்த்தால் யாருக்குத்தான் பதறாது? பைத்தானிலேயே கூட்டி, விடையையும் ஃபார்முலாவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

லட்சக் கணக்கில் கமா வேண்டுமென்றால் கோடிக்கு ஒரு நிபந்தனை, லட்சத்துக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று என்று எண் வடிவத்தை நீட்டி எழுத வேண்டும். நிபந்தனை இரண்டுக்கு மேல் எக்ஸெல் ஏற்காது. அதனால் லாபம் 12,34,567 என்று வரும். அதே அளவு நஷ்டம் வந்தால் -1,234,567 என்று அமெரிக்கக் கமாவில் நிற்கும். இதற்கு லைப்ரரியைக் குறை சொல்ல முடியாது.

தமிழ்த் தலைப்புக்குத் தானியங்கி அகலத்தை நம்ப வேண்டாம். அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகளின் அகலம்தான். மற்ற எல்லாவற்றுக்கும் தலா 8 பிக்சல். புள்ளிக்கும் உகரக் குறிக்கும்கூடத் தனி 8 பிக்சல் என்பதால் ‘பற்று’ தேவைக்கு மேல் அகலமாகிவிடும். நெடுவரிசை அகலத்தை நானே எண்ணாகக் கொடுத்துவிடுகிறேன்.

புதிதாக அறிக்கை தயாரிப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். ஏற்கனவே இருக்கும் டெம்ப்ளேட்டை நிரப்புவதுதான் வேலை என்றால் ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற லைப்ரரி பக்கம் போங்கள். அதில் எழுதியபின்னும் கோடு மாற்றலாம். ஆனால் கோப்பின் அளவைப்போல் சுமார் 50 மடங்கு மெமரி பிடிக்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. டெம்ப்ளேட்டில் யாராவது அம்புக்குறி, வட்டம் என்று வரைந்து வைத்திருந்தால் சேமித்தபின் அவை இருக்காது, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.