'விடுபட்ட பருவம்': ஒரு மதிப்பீடு

மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 2020 சனவரியில் 'கணனி விஞ்ஞானக் கல்வியில் விடுபட்ட பருவம்' என்னும் விரிவுரைத் தொடர் நிகழ்ந்தது. கணனியைப் பணிக்கேற்ப அமைத்தல், பதிப்புக் கட்டுப்பாடு முதலியவற்றை மாணவர் தாமாகவே கற்றுக்கொள்வர் என்ற எடுகோளை அது மறுக்கின்றது.

லினஸ் ரோவால்ட்ஸ் 2005இல் ஆக்கிய 'கிற்' பற்றிய விரிவுரை தொடரின் சிறப்புக்குச் சான்றாகும். கட்டளைகளை மந்திரம்போல் மனனஞ் செய்விக்காது, கோப்புகளின் அடுத்தடுத்த நிலைகள் தம் முன்னைய நிலைகளைச் சுட்டி வரலாறாகத் தொடருமாற்றை முதலில் விளக்கி, அதன் பின்னரே கட்டளைகளுக்கு வருகின்றனர். காரணம் உணர்ந்தவன் பிழை நேரின் கலங்கான்.

எனினும், பதிப்புக் கட்டுப்பாடு தனியொருவரின் நினைவேடு மட்டுமன்று. பலர் ஒரே நிரலைத் திருத்துகையில் எழும் முரண்களைத் தீர்க்கும் நெறியுமாகும். ஒரு விரிவுரையால் அது கைவராது, கூட்டுப்பயிற்சி வேண்டும். குறையைப் பெயரிட்டுக் காட்டியமை இத்தொடரின் சாதனை. அதனைப் பாடத்திட்டத்தினுள்ளேயே நிறைவுசெய்தல் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.