‘உறுதி’ என்னும் சொல்லும் இடுப்பு முறிவும்

அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுத இயலுமா என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறிவிட்டது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து ஆற்றிய தொண்டினை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைத்தல் மிகை. ஆங்கில நூலொன்றைத் தழுவி 1867ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரண வைத்தியம்’ அத்தொண்டின் ஒரு பகுதி. அந்நூல் எழுந்த காலத்தில் இடுப்பு முறிந்தவருக்கு வைத்தியர் செய்யக்கூடியது சிறிதே. காலை மட்டை கொண்டு அணைப்பர், இழுத்துக் கட்டுவர், பின்பு காத்திருப்பர். எக்ஸ்-கதிர் கண்டறியப்பட்டதே 1895இற்றான். உடலினுள்ளே வைத்த உலோகம் நிலைத்து நிற்குமா என்ற கேள்வி அன்று எழவில்லை. அதற்குரிய சொல்லை அந்நூலில் தேடிக் காணாதவர் கிறீனைக் குறைகூறல் தகாது.

கேள்வி இன்று எம் வீடுதோறும் எழுகின்றது. முதியவர் ஒருவர் முற்றத்திலோ கிணற்றடியிலோ வழுக்கி விழுகின்றார். தொடையென்பின் மேற்பகுதி முறிகின்றது. ஆணியோ தகடோ வைத்துப் பொருத்துகின்றனர். “கம்பி போட்டாச்சு” என்பது ஊர்வழக்கு. அக்கம்பி ‘உறுதியானதா’ என்று எல்லோரும் கேட்கின்றனர். பத்திரிகைகளின் மருத்துவப் பகுதிகளும் அவ்வாறே எழுதுகின்றன. இச்சொல்லை எம்மவர் கையாளும் முறையே பிழையான விளக்கத்துக்கு வழிகோலுகின்றது என்பதும், அப்பிழை நோயாளியைப் படுக்கையிற் கிடத்திவிடக்கூடியது என்பதும் எமது துணிபு.

எம் பாடசாலைகளிற் பிரயோக கணிதம் கற்போர் ‘உறுதிச் சமநிலை’ என்பதை அறிவர். கிண்ணத்தின் அடியிற் கிடக்கும் கோலிக் குண்டு சற்றுத் தள்ளப்பட்டாலும் தன்னிடத்துக்கு மீளும். அதனால் அது உறுதியுடையது. ஈண்டு உறுதி என்பது குண்டின் கடினத்தைக் குறிப்பதன்று. குண்டும் கிண்ணமும் சேர்ந்து நிற்கும் நிலையைக் குறிப்பது. வகுப்பறையை விட்டு வெளியேறியதும் சொல் வேறொரு பொருளை ஏற்றுக்கொள்கின்றது. யாழ்ப்பாணத்தில் ‘உறுதி’ என்றாற் காணி உறுதியே முதலில் நினைவுக்கு வரும். நொத்தாரிசு முன்னிலையில் ஒருமுறை எழுதிவிட்டாற் பேரப்பிள்ளை காலத்துக்கும் அது செல்லும். இடுப்பிற் போட்ட ஆணியையும் எம்மவர் அவ்வாறே எண்ணுகின்றனர் போலும்.

பத்திரிகைக் கட்டுரையாளர் செய்யும் பிழை இன்னும் நுட்பமானது. வலிமை, விறைப்பு, உறுதி என்னும் மூன்றையும் அவர் ஒன்றாக்கிவிடுகின்றார். உருக்கின் மீள்தன்மை மட்டு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். தைத்தேனியக் கலப்புலோகத்தினது ஏறத்தாழ 110. என்பின் கடினமான புறப்பகுதிக்கு 20 அளவில். எனவே இரு உலோகங்களும் என்பினும் பன்மடங்கு விறைப்பானவை. உலோகத்தின் விறைப்பே உறுதியாயின் எந்தப் பொருத்தமும் தோற்க வழியில்லை. ஆனால் தோற்கின்றது. பெரும்பாலும் உலோகம் உடைந்து தோற்பதில்லை. நலிந்த என்பினை அறுத்துக்கொண்டு திருகாணி தலைப்பகுதியினின்றும் வெளிப்படுவதாலேயே தோற்கின்றது. வலியது மெலியதை வெட்டுகின்றது. அதைப் ‘பலமான கம்பி’ என்று புகழ்ந்து என் பயன்?

இடுப்பு மூட்டிற் செல்லும் பாரம் எவ்வளவு என்பதை அறிந்தால் இது விளங்கும். கிணற்றுத் துலாவைக் கண்டோர் இன்று அருகிவிட்டனராயினும் உவமைக்கு அதனிலும் ஏற்றது எமக்குக் கிடைக்கவில்லை. ஒரு முனையிற் பட்டையும் நீரும், மறுமுனையிற் பாரம். இரண்டையும் ஆடுகாலே தாங்குகின்றது. பாரத்தின் பக்கத்துக் கை குறுகுமாயின் பாரத்தைக் கூட்டவேண்டும். கூட்டுந்தோறும் ஆடுகாலின் சுமையும் ஏறும். ஒற்றைக்காலில் நிற்கும் மனிதனின் தொடையென்புத் தலை அவ்வாடுகால் போன்றது. ஒருபுறம் உடற்பாரம், மறுபுறம், குறுகிய கையுடன், இடுப்பின் புறத்தசைகளின் இழுவை. ஆகையால் தலைமீது விழும் விசை உடற்பாரத்தை விடப் பெரிது. பேர்லினிற் பேர்க்மன் என்பாரும் அவருடன் உழைத்தோரும் செயற்கை மூட்டினுள்ளேயே அளவுகருவி வைத்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, இயல்பாக நடக்கையில் அது உடற்பாரத்தின் ஏறத்தாழ 2.4 மடங்கு. இடறித் தடுமாறும் கணத்தில் எட்டு மடங்கையும் கடக்கும் என்பது அவர்களே முன்னர் கண்டது. படுத்திருப்பவருக்கும் விலக்கில்லை. மலச்சட்டியின்மீது இடுப்பை உயர்த்தும்போதுகூடக் கணிசமான விசை மூட்டில் எழுகின்றது. கட்டிலிற் கிடந்தால் ஆணிக்கு ஓய்வு என்பது மயக்கமே.

இவ்விசையைத் தாங்கும் கருவிகளின் வரலாற்றிலேதான் ‘உறுதி’ என்னும் சொல்லின் குறைபாடு நன்கு புலனாகின்றது. அமெரிக்கரான சிமித்-பீற்றேசன் 1925இல் மூன்று இறகுகளையுடைய ஆணியை என்புக் கழுத்து முறிவுக்குப் பயன்படுத்தினார். கழுத்துக்குக் கீழேயுள்ள புடைப்புப் பகுதியில் நிகழும் முறிவுகளுக்கு ஆணியும் தகடும் அசையாக் கோணத்தில் ஒன்றாய் இணைந்த யூவற் ஆணி 1941இல் வந்தது. விறைப்பில் அதற்குக் குறையில்லை, குறையே அதுதான். முறிந்த பகுதிகள் நாளடைவில் நெருங்கி அமுங்க முயலும்போது ஆணி இடங்கொடாது. இடங்கொடாத ஆணி தலையைத் துளைத்துச் சென்றது, அன்றித் தானே முறிந்தது. 1950களில் உருவாகிய வழுக்குத் திருகாணி இதற்கு மாறானது. தகட்டோடு பொருந்திய குழாயினுள்ளே திருகாணி சறுக்கிப் பின்வாங்கும். முறிவு அமுங்கும்; என்பின்மேல் என்பு அமர்ந்து தானும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். அசையாதது தோற்று, அளவோடு அசைவது நிலைத்தது. அசையாமையே உறுதி என்று அகராதி பார்த்துப் பொருள்கொள்வோர் இக்கருவியை உறுதியற்றது என்றல்லவா கூறவேண்டிவரும்!

1949இல் எவான்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய முறிவுகளை உறுதியானவை, உறுதியற்றவை என வகுத்தார். கவனிக்க: அவர் வகுத்தது முறிவை, உலோகத்தையன்று. பின்னர் 1980இல் கோபர் என்பார் பொருத்தத்தின் வலு ஐந்தினாலாவது என்றார். என்பின் தரம், முறிவுத் துண்டுகளின் வடிவம், அவற்றைச் சேர்த்து நிறுத்திய செம்மை, கருவியின் அமைப்பு, கருவியை வைத்த இடம் என்பன அவை. முன்னிரண்டும் நோயாளியோடு வருவன. பின்மூன்றும் வைத்தியர் கையிலுள்ளன. இவற்றுள் கடைசியானதன் சிறப்பை 1995இல் பௌம்கார்த்னரும் உடனாய்வாளரும் எண்ணிக் காட்டினர். திருகாணியின் நுனி தலையின் உச்சியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை முன்னிருந்தும் பக்கத்திருந்தும் எடுத்த இரு எக்ஸ்-கதிர்ப் படங்களில் அளந்து கூட்டினர். கூட்டுத்தொகை 25 மில்லிமீற்றரோ அதனிற் குறைவோ ஆகிய 120 திருகாணிகளுள் ஒன்றேனும் தலையை அறுத்து வெளிவரவில்லை. அறுத்து வெளிவந்தவற்றின் சராசரியோ 38 மில்லிமீற்றர். அதே உலோகம், அதே திருகு, வேறுபட்டது இடம் மட்டுமே.

இவ்வளவும் வெளியான பின்னரும், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் முதலிற் கேட்பது, “எந்த நாட்டு ஆணி?” என்பதே. என்புக் குழலினுள்ளே செலுத்தும் நீண்ட ஆணி விசைக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அதன்மேல் வரும் வளைவுத் திருப்பம் குறைவு. சிலவகை முறிவுகளில் அதுவே தக்கது. ஆயினும் 2022இல் வெளியான கொக்கிரேன் மதிப்பாய்வு, முதியோரின் இத்தகைய முறிவுகளை மொத்தமாக நோக்குகையில் ஆணிக்கும் தகட்டுக்கும் பயனில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஒன்றில் ஒரு தீங்கு குறைந்தால் மற்றொன்று கூடுகின்றது. புதியது, விலையுயர்ந்தது என்பன உறுதிக்கு மறுபெயர்கள் அல்ல.

காலம் என்னும் கூறும் உண்டு. எம் எழுத்தாளர் அதனை அறவே விட்டுவிடுகின்றனர். உலோகம் என்றென்றும் சுமக்கப் படைக்கப்பட்டதன்று. மீண்டும் மீண்டும் வளைபடும் எவ்வுலோகமும் ஒருநாள் இளைத்து முறியும். என்பு பொருந்துமட்டும் சில மாதங்கள் தாங்கினால் அதன் கடமை தீர்ந்தது. பொருந்தாத என்பை எந்த நாட்டு ஆணியும் காவாது.

அவ்வாறாயின் எந்தச் சொல் தகும்? ‘நிலைபேறு’ என்பது இன்னும் கேடு. அது அழியாமையைச் சுட்டும். ‘தாங்குதிறன்’ மறுபடியும் வலிமைக்கே போகும். எம் ஊர் முறிவு வைத்தியர் வாயில் வழங்கும் ‘கட்டு’ என்னும் சொல்லை முன்வைத்துக் ‘கட்டுறுதி’ எனலாம் என்பது எமது கருத்து. கட்டு என்பது துணியுமன்று, மட்டையுமன்று. முறிந்த என்பையும் அவற்றையும் ஒருங்கே சேர்த்து நிறுத்திய நிலை. வீக்கம் வற்றும்போது அவர் கட்டை அவிழ்த்து மீளக் கட்டுவதும் அச்சொல்லினுள் அடங்கும். கலைச்சொல் ஆக்குவோர் இதனிற் சிறந்ததைத் தருவாராயின் மகிழ்வோடு ஏற்போம்.

ஆனால் அதே வைத்தியரிடமிருந்து பெற்ற இன்னொரு வழக்கினை ஏற்க இயலாது. புறத்தே மட்டை வைத்துக் கட்டிய காலத்தில் என்பு பொருந்தும்வரை அசையாது கிடத்தல் நியாயமாயிருந்தது. உள்ளே ஆணி வைப்பதன் நோக்கமோ கிடத்தாமல் எழுப்புவது. பிரித்தானியாவின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி, அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்புக, முழுப்பாரமும் ஊன்றத்தக்கவாறே அறுவையைச் செய்க என்கின்றது. எழுந்த முதியவர் தாங்கக்கூடிய அளவே ஊன்றுவர்; நோவு அவருக்கு அளவுகோல்.

என் தாயாருக்கு அறுவை செய்த வைத்தியர் இதனையே கூறினார். “நடக்க விடுங்கோ” என்றார். நாங்கள் தலையசைத்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், “கம்பி கழன்றால் என்ன செய்யிறது? எலும்பு பொருந்தட்டும்” என்று பெரியோர் சொல்ல, பட்டதாரி ஆசிரியனாகிய நானும் உடன்பட்டேன். ஏழு வாரம் கட்டிலில் வைத்துப் பேணினோம். “தம்பி, ஒருக்கால் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன்” என்று அவர் கேட்டது இரண்டொரு முறையன்று. பின்னர் எடுத்த படத்தில் என்பு பொருந்தியிருந்தது. திருகாணி இம்மியும் பிசகவில்லை. படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டிய வைத்தியர், “எப்பிடி நடக்கிறா?” என்று கேட்டார்.