எந்த வாசலிலிருந்து எண்ணுவது?

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கும் அவசர ஆஞ்சியோபிளாஸ்டி மாரடைப்புக்கு நல்ல சிகிச்சை என்பதில் தகராறு இல்லை. மார்பைப் பிளக்க வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். 2003இல் ஆய்வாளர்கள் கீலியும் கிரைன்ஸும் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்திருந்தார்கள். பலூன் சிகிச்சை பெற்றவர்களில் 7 பேர். ஆனால் அந்த இரண்டு உயிரின் லாபம் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2006இல் போட்ட கணக்கின்படி, ஊசியைவிடப் பலூன் சுமார் 114 நிமிடம் பிந்தினால் லாபம் கரைந்துவிடும். நகரத்து விளம்பரப் பலகைகளில் இந்த நிபந்தனைக்கு இடம் கிடைப்பதில்லை.

மேல்மலையனூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், 'வாயுதான்' என்று முதலில் வருவது சோடாவும் ஓமத் தண்ணீரும். பிறகுதான் 108. வண்டி செஞ்சி வழியாக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், மேற்கே திருவண்ணாமலைக்குத் திரும்பலாம், ஜிப்மர் என்றால் புதுச்சேரி வரை ஓட வேண்டும். அமாவாசையன்று அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தைத் தாண்டி ஊர் எல்லையை எட்டுவதே பெரும்பாடு. மருத்துவமனைகள் பெருமையோடு சொல்லும் '90 நிமிடத்தில் பலூன்' என்ற கணக்கு, நோயாளி தங்கள் வாசலில் இறங்கிய பிறகு தொடங்குவது. அதற்கு முன் கழிந்த நேரம் யார் கணக்கிலும் சேர்வதில்லை. அது சின்ன நேரமும் இல்லை. இந்தியா முழுவதும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்து 2008இல் வெளியான 'கிரியேட்' ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம்.

ஆகவே இப்படிப்பட்ட ஊருக்கு, பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஈ.சி.ஜி. பார்த்து ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த ஒரு நாளுக்குள் குழாய்ச் சிகிச்சைக்கு அனுப்புவதே பொருந்தும் என்பேன். ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஒரு மணி நேரத்துக்குள் பலூன் கிடைக்க வழியில்லாத 1,892 பேரிடம் நடந்த 'ஸ்ட்ரீம்' ஆய்வு (2013), மரணம், மறு மாரடைப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் ஊசி முந்திய குழுவில் 12.4 சதவீதம், நேரே பலூனுக்குப் போன குழுவில் 14.3 சதவீதம் என்றது. புள்ளியியலில் இது உறுதியான வேறுபாடு அன்று. மூளை ரத்தக்கசிவு ஊசிக் குழுவில் கூடுதல் என்பதால், 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருந்தை ஆய்வின் நடுவே பாதியாகக் குறைத்தார்கள். நம் மாநிலத்திலேயே தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி குழுவினர் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து 2,420 பேரிடம் ஆராய்ந்தார்கள். ஓராண்டு மரண விகிதம் 17.6லிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. இது முன்-பின் ஒப்பீடுதான், குலுக்கல் முறை ஆய்வன்று. மருத்துவமனைக்குள் நிகழ்ந்த மரணங்கள் ஏறக்குறைய மாறவும் இல்லை. இவ்வளவையும் கழித்த பிறகும், ஒன்றும் கொடுக்காமல் வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் இரண்டாந்தரம் என்பது என் கணிப்பு.

இந்த முறையின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீமில் போட்டது டெனெக்டிபிளேஸ், ஒரே ஊசியில் முடிவது. விலை குறைந்த ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒரு மணி நேரம்வரை சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் திறனும் அதற்குக் குறைவு. நல்ல மருந்தைப் போட்ட ஸ்ட்ரீமிலேயே 36 சதவீதம் பேருக்கு அடைப்பு விலகாததால் அவசர ஆஞ்சியோகிராம் பரிசோதனை தேவைப்பட்டது. அதாவது ஊசிக்குப் பின் 90 நிமிடத்துக்குள் மறுபடி ஈ.சி.ஜி. எடுத்து, அதே இரவில் வண்டி கிளம்ப வேண்டும். 'ஊசி போட்டாயிற்று, காலையில் பார்க்கலாம்' என்றாகிவிட்டால் என் வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஊசிக்கும் முந்தைய படி மாத்திரை. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை வைத்திருக்கிறது. அதற்கு ஆதாரம் பழையது, உறுதியானது: 1988இன் 'ஐசிஸ்-2' ஆய்வில் ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார மரணத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. ஆனாலும் மாத்திரை கட்டியைக் கரைக்காது. வலி தணிந்ததும் நோயாளி வீடு திரும்பிவிடும் ஆபத்தும் உண்டு. மாத்திரை கொடுத்த நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி நோயாளியோடு அனுப்புவது செலவில்லாத காரியம். அப்போது கேத் லேப் (குழாய்ச் சிகிச்சைக் கூடம்) வைத்திருக்கும் மருத்துவமனை தன் நிமிடங்களை அந்தச் சீட்டின் முதல் வரியிலிருந்து எண்ணியாக வேண்டும்.